ஊர் அளவில் ஒரு மென்பந்து லீக்: தொடங்கி நடத்துவதற்கான முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் பேஸ்பால் வகையைச் சேர்ந்த மென்பந்து, அதாவது ஆடுபவர்கள் எல்லோரும் சொல்வதுபோல சாப்ட்பால், பெரும்பாலும் பள்ளி, கல்லூரி அணிகளோடு முடிந்துவிடுகிறது. பல்கலைக்கழக அணி வரை ஆடியவர்கள்கூட படிப்பு முடிந்ததும் கிளவுஸைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு ஆசை விட்டுப்போகவில்லை. ஆடுவதற்கு ஓர் இடமும் ஒரு நாளும் கிடைப்பதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை எங்காவது இரண்டு நாள் நாக்-அவுட் போட்டி நடக்கும்; காலை ஏழு மணி ஆட்டத்தில் தோற்ற அணி ஒன்பது மணிக்கெல்லாம் பேருந்தில் உட்கார்ந்திருக்கும். லீக் அப்படிப்பட்டதல்ல. அதில் தோற்ற அணிக்கும் அடுத்த ஞாயிறு ஓர் ஆட்டம் உண்டு என்பதால், புதிதாக ஆட வருபவர்கள் தவறு செய்து, திருத்திக்கொண்டு, மறுபடியும் ஆடிப் பழகுவதற்கு அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

நான் ஈடுபட்ட முதல் முயற்சி எட்டு அணிகளோடு தொடங்கி நான்காவது வாரத்தில் நின்றுபோனது. எட்டு அணிகள் ஒன்றுக்கொன்று ஒருமுறை மோதினாலே 28 ஆட்டங்கள். ஒரே மைதானத்தில் ஞாயிறுதோறும் நான்கு ஆட்டம் வைத்தோம். நான்காவது ஆட்டம் தொடங்கும்போது மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். வெயிலுக்குப் பயந்து இரண்டு அணிகள் வராமல் போயின. அவற்றோடு ஆட வேண்டியவர்களும் வேலையைக் கெடுத்துக்கொண்டு வந்து திரும்பிப் போனார்கள். அதன் பிறகு யாரும் யாரையும் நம்பவில்லை. அடுத்த முறை நான்கே அணிகளோடு, குறித்த ஞாயிறு குறித்த நேரத்தில் ஆட்டம் நடந்தே தீரும் என்ற ஒரே உறுதியோடு தொடங்கினோம். அது முழுமையாக நடந்து முடிந்தது. கீழே சொல்வன எல்லாம் அந்த ஓர் உறுதியைக் காப்பாற்றுவதற்கான வழிகள்.

முதற்படி: எந்த வகை ஆட்டம் என்று முடிவு செய்யுங்கள்

நம் பள்ளி, கல்லூரிகளில் ஆடப்படுவது பாஸ்ட் பிட்ச். கையை முழுவட்டமாகச் சுழற்றி இடுப்புக்குக் கீழிருந்து வேகமாக வீசும் பிட்சர்தான் அந்த ஆட்டத்தின் உயிர். ஊர் லீகில் அதுவே சிக்கலாகிறது. நல்ல பிட்சர் உள்ள அணி எதிரணியை வரிசையாக ஸ்ட்ரைக் அவுட் செய்யும், அதாவது அடிக்கத் தவறிய மூன்று நல்ல பந்துகளில் வெளியேற்றும். பிட்சர் இல்லாத அணியோ நான்கு ‘பால்’, அதாவது அடிக்கும் எல்லைக்கு வெளியே போகும் பந்துகள், வீசி வீசியே பேட்டர்களை அடிக்காமலே முன்னேறவிட்டு எதிரணிக்கு ஓட்டங்களைத் தாரை வார்க்கும். இரண்டு நிலையிலும் பீல்டர்கள் சும்மா நின்றுகொண்டிருப்பார்கள்.

ஆகவே முதல் ஆண்டுக்கு ஸ்லோ பிட்ச் வகையையே பரிந்துரைக்கிறேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் பூங்காக்களில் நடக்கும் ஊர் லீகுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். இதில் பந்தை வளைவாக, மெதுவாகத் தூக்கிப் போட வேண்டும்; வளைவின் உச்சி தரையிலிருந்து 6 அடிக்குக் குறையாமலும், எடுத்துக்கொள்ளும் விதிநூலைப் பொறுத்து 10 அல்லது 12 அடிக்கு மிகாமலும் இருக்க வேண்டும். பீல்டர்கள் ஒன்பதுக்குப் பதிலாகப் பத்துப் பேர். பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடும் பண்ட் கிடையாது. அடிக்காமல் விடும் பந்து குறைவு என்பதால் ஏறத்தாழ ஒவ்வொரு பந்துக்கும் யாராவது ஓடுகிறார்கள், யாராவது பிடிக்கிறார்கள். நாற்பது வயதுக்காரரும் முதல்முறை மட்டை பிடிக்கும் பெண்ணும் ஒரே அணியில் ஆட முடிகிறது. கலப்பு அணி என்றால் ஐந்து ஆண்கள், ஐந்து பெண்கள் களத்தில். பேட்டிங் வரிசையில் மாறி மாறி வர வேண்டும் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள்.

இரண்டாம் படி: குழுவும் அணிகளும்

ஐந்து பேர் கொண்ட குழு போதும்: அட்டவணைக்கு ஒருவர், மைதானத்துக்கும் உபகரணங்களுக்கும் ஒருவர், கணக்குக்கு ஒருவர், அம்பயர்களுக்கு ஒருவர், முறையீடுகளைக் கேட்பதற்கு ஒருவர். அணித் தலைவர்களே குழுவிலும் இருந்தால் ஒவ்வொரு தகராறும் குழுவுக்குள் புகுந்துவிடும்; முடிந்தவரை பிரித்து வையுங்கள். சங்கமாகப் பதிவு செய்வது முதல் ஆண்டே தேவைப்படாமல் இருக்கலாம். லீக் நிலைத்து, வெளியாரிடம் நன்கொடை வாங்கும் நிலை வந்தால், 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி குறைந்தது ஏழு பேர் சேர்ந்து, துணைவிதிகளோடு மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்துகொள்ளலாம்.

ஒவ்வோர் அணிக்கும் 15 பேர் வேண்டும். பத்துப் பேர் ஆடும் ஆட்டத்துக்கு இது அதிகமாகத் தோன்றும். ஆனால் தை, மாசி மாதங்களில் முகூர்த்த நாளும் ஞாயிறும் ஒன்றாக வந்தால் ஓர் அணியில் நான்கைந்து பேர் கல்யாண மண்டபத்தில்தான் இருப்பார்கள். அணியைப் பிரிக்கும்போது பழைய கல்லூரி வீரர்கள் எல்லோரும் ஒரே பக்கம் சேர்ந்துகொள்ள விடாதீர்கள். அனுபவமுள்ளவர்களின் பெயர்களைத் தனியாக எழுதி, ஓர் அணிக்கு மூன்று பேருக்கு மேல் போகாதபடி சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். மீதிப் பேர் தங்கள் நண்பர்களோடு சேரட்டும். அந்த மூன்று பேர்தான் மற்ற பன்னிரண்டு பேருக்கும் ஆசிரியர்கள். டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடும் இளைஞர்கள், கோ-கோ, கபடி ஆடிய பெண்கள், உடற்கல்வி ஆசிரியர்கள் ஆகியோரிடம் முதலில் கேளுங்கள். கோ-கோ ஆடியவர்கள் பேஸ்களுக்கு, அதாவது பேட்டர் ஓடி மிதிக்க வேண்டிய மூலைகளுக்கு, இடையே ஓடித் திரும்பும் வேகத்தைப் பார்த்தால் ஏன் சொல்கிறேன் என்று புரியும்.

மூன்றாம் படி: மைதானம்

பள்ளி மைதானமானால் தலைமையாசிரியருக்கோ நிர்வாகத்துக்கோ, நகராட்சி மைதானமானால் ஆணையருக்கோ, மாவட்ட விளையாட்டரங்கமானால் மாவட்ட விளையாட்டு அலுவலருக்கோ எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். விண்ணப்பத்தில் எல்லா ஞாயிறுகளின் தேதிகளையும், தொடங்கும் நேரத்தையும், முடியும் நேரத்தையும், மைதானத்தைச் சுத்தம் செய்து ஒப்படைப்போம் என்ற உறுதியையும் எழுதுங்கள். வாய்ச் சொல்லாக வாங்கிய அனுமதி, அந்த அதிகாரிக்கு மாற்றல் வந்தால் அவரோடு போய்விடும்.

திசை முக்கியம். நம் ஆட்டங்கள் காலையில் நடப்பதால் பேட்டர் கிழக்கே பார்த்து நின்றால் எதிர்வெயிலில் பந்து தெரியாது; மேற்கே பார்த்து நின்றால் அதே துன்பம் பீல்டர்களுக்கு. பேட்டர் வடக்கே பார்க்கும்படி, அவர் அருகில் நின்று அடிக்கும் ஹோம் பிளேட்டை மைதானத்தின் தென்கோடியில் வைத்தால் வெயில் இரு தரப்புக்கும் பக்கவாட்டில் விழும். ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் சாலையோ வகுப்பறைச் சன்னலோ இருந்தால் மீன்வலையோ கிரிக்கெட் வலையோ கட்டியே ஆக வேண்டும், ஏனெனில் தவறி அடிபட்ட பந்துகளில் பாதி அந்தப் பக்கம்தான் போகும்.

களத்தைக் குறிக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஸ்லோ பிட்சில் பேஸ்களுக்கு இடையே 65 அடி, அதாவது 19.81 மீட்டர், பிட்சர் நிற்கும் பலகை ஹோம் பிளேட்டிலிருந்து 50 அடி, அதாவது 15.24 மீட்டர். ஐந்து பக்கம் கொண்ட ஹோம் பிளேட்டின் பின்முனை வரும் இடத்தில் ஒரு முளை அடியுங்கள். அங்கிருந்து நேர் வடக்கே 91 அடி 11 அங்குலம் அளந்து இன்னொரு முளை அடியுங்கள். அதுதான் இரண்டாம் பேஸின் நடுப்புள்ளி. இப்போது 130 அடி நீளக் கயிற்றின் இரு முனைகளையும் இரண்டு முளைகளில் கட்டி, சரியாக நடுவில் 65 அடியில் ஒரு முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டு கயிறு விறைக்கும்வரை கிழக்கே நடங்கள். முடிச்சு நிற்கும் இடம் முதல் பேஸின் வெளிமூலை. அதே முடிச்சோடு மேற்கே நடந்தால் மூன்றாம் பேஸ். முதல் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் இடையே அளந்து பாருங்கள். அதுவும் 91 அடி 11 அங்குலம் வந்தால் சதுரம் சரி.

முதல் ஆண்டில் நாங்கள் இதற்கு நைலான் கயிற்றைப் பயன்படுத்தினோம். அது இழுத்த இழுப்புக்கு நீண்டு, முதல் பேஸ் ஓர் அடிக்கு மேல் தள்ளிப் போய்விட்டது. மூன்று வாரம் கழித்து ஒரு கொத்தனார் நண்பர் தன் 100 அடி எஃகு டேப்பைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. எனவே கயிறு என்றால் நீளாத கம்பிக்கயிறாக இருக்கட்டும். குறித்த முளைகளைத் தரைமட்டத்துக்கு அடித்து விட்டுவிட்டால் அடுத்த வாரம் அளக்கும் வேலை பாதியாகக் குறையும். கோடு போடக் கோலமாவு நன்றாக இருக்கிறது. நீர் ஊற்றித் தணிக்காத சுண்ணாம்பை மட்டும் தூவாதீர்கள். பேஸுக்குப் பாய்பவர் கண்ணில் பட்டால் கண்ணே புண்ணாகிவிடும்.

நான்காம் படி: உபகரணங்கள்

மென்பந்து என்ற பெயரை நம்பி வெறுங்கையோடு இறங்கிவிடக் கூடாது. சுற்றளவு 12 அங்குலம், எடை ஏறத்தாழ 180 முதல் 200 கிராம் உள்ள கெட்டியான பந்து அது. 1887இல் சிகாகோவில் ஒரு குத்துச்சண்டைக் கையுறையைப் பந்துபோல் கட்டி, துடைப்பக் கம்பால் அடித்துத் தொடங்கிய ஆட்டத்துக்கு அந்தப் பெயர் பொருந்தியிருக்கலாம். இன்றைய பந்துக்குப் பொருந்தாது.

கிளவுஸ்தான் பெரிய செலவு. ஆனால் கிளவுஸ் தேவைப்படுவது பீல்டிங் செய்யும் அணிக்கு மட்டுமே என்பதால், இரண்டு அணிகளும் ஒரே தொகுப்பை மாற்றி மாற்றி அணிந்துகொள்ளலாம். லீகுக்குப் பொதுவாக 13 கிளவுஸ் வாங்கினால் போதும். அவற்றில் குறைந்தது மூன்று இடக்கையால் எறிபவர்களுக்கானதாக, அதாவது வலக்கையில் அணிவதாக இருக்க வேண்டும். இதை மறந்துவிட்டு வாங்கினால் இடக்கைக்காரர் கிளவுஸைக் கழற்றி எறிந்துவிட்டு அதே கையால் பந்தை எறிய வேண்டிய பரிதாபம் நேரும். ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கு முகக்கவசம், பேட்டருக்கும் ஓடுபவருக்கும் ஹெல்மெட் ஆறு, பேஸ் மூன்று, ஹோம் பிளேட் ஒன்று, பிட்சர் பலகை ஒன்று ஆகியவை அடுத்த தேவைகள். முதல் பேஸில் பாதி வெள்ளையும் பாதி ஆரஞ்சும் கொண்ட இரட்டைப் பேஸ் வைத்தால் ஓடி வருபவர் ஆரஞ்சையும் பீல்டர் வெள்ளையையும் மிதிப்பார்கள்; கணுக்கால் மோதல் பெரும்பாலும் தவிர்ந்துவிடும்.

மட்டைகள் அலுமினியத்தில், நீளம் 34 அங்குலத்துக்கு மிகாமல், மூன்று வெவ்வேறு எடையில் லீகே வாங்கி வைக்கட்டும். சொந்த மட்டையை முதல் ஆண்டில் அனுமதிக்க வேண்டாம் என்பது என் கருத்து. வசதியுள்ள ஒருவர் கொண்டுவரும் விலை உயர்ந்த மட்டையே அடுத்த தகராறுக்கு விதையாகும். பந்து கணக்கு எளிது: ஆட்டத்துக்கு ஒரு புதுப்பந்து, முந்தைய ஆட்டத்துப் பந்து மாற்றுக்கு. மீரட், ஜலந்தர் நகரங்களில் செய்யப்படும் விளையாட்டுப் பொருட்கள் நம் ஊர்க் கடைகளுக்கு வருகின்றன. மூன்று கடைகளில் எழுத்தில் விலை வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஐந்தாம் படி: அட்டவணை

நான்கு அணிகள் ஒன்றுக்கொன்று இருமுறை மோதினால் 12 ஆட்டங்கள். ஞாயிறுக்கு இரண்டு வீதம் ஆறு வாரம். ஏழாவது வாரம் இறுதி ஆட்டமும் மூன்றாம் இடத்துக்கான ஆட்டமும். எட்டாவது ஞாயிறு மழைக்கோ வேறு தடைக்கோ இருப்பு. முதல் வாரம் 1-4, 2-3. இரண்டாம் வாரம் 1-3, 4-2. மூன்றாம் வாரம் 1-2, 3-4. அடுத்த மூன்று வாரங்களில் இதையே திருப்பி, முன்பு முதலில் பேட் செய்த அணி இரண்டாவதாகப் பேட் செய்யும்படி மாற்றுங்கள். அணிகள் ஆறானால் ஒருமுறை மோதவே 15 ஆட்டங்கள் வந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, மார்ச்சில் பொதுத்தேர்வு, அதன்பின் கத்திரி வெயில், ஆடியில் காற்று. வளைவாகப் போடும் பந்தைக் காற்று தள்ளிக்கொண்டு போகும் என்பதால் ஆடி மாதம் ஸ்லோ பிட்சுக்கு ஆகவே ஆகாது. பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிறு தொடங்கி மார்ச் நடுவில் முடிப்பதே மிகச் சரியான காலம். முதல் ஆட்டம் 6.45, இரண்டாவது 8.15, ஒன்பதரைக்கெல்லாம் மைதானம் காலி.

ஆறாம் படி: விதித்தாள்

பன்னாட்டு விதிநூலை அடிப்படையாக வைத்துக்கொண்டு, உங்கள் லீகுக்கே உரிய விதிகளை ஒரே தாளில் அச்சிட்டு ஒவ்வொரு வீரரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அதில் கீழ்க்கண்டவை இருக்கட்டும்.

- ஆட்டம் ஏழு இன்னிங்ஸ். ஆனால் 65 நிமிடம் கடந்தபின் புது இன்னிங்ஸ் தொடங்கக் கூடாது.
- மூன்று இன்னிங்ஸ் முடிவில் 15 ரன், நான்கு முடிவில் 10 ரன் வித்தியாசம் இருந்தால் ஆட்டம் முடிந்தது.
- எட்டுப் பேர் வந்தால் ஆடலாம். குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடம் வரை பார்த்துவிட்டு 7-0 என்று எதிரணிக்கு வெற்றி.
- அன்று வந்த அனைவரும் பேட்டிங் வரிசையில் இடம்பெறுவர்.
- சறுக்கிப் பாய்வது முதல் ஆண்டில் இல்லை.
- வெற்றிக்கு 2 புள்ளி, சமனுக்கு 1. புள்ளிகள் சமமானால் இருவரும் மோதிய ஆட்டங்களின் முடிவு, பிறகு ரன் வித்தியாசம். ஓர் ஆட்டத்தில் 7 ரன்னுக்கு மேற்பட்ட வித்தியாசம் கணக்கில் வராது.

கடைசி விதி இல்லாவிட்டால் பலமான அணி, தளர்ந்துபோன அணியை அடித்துத் துவைத்துக்கொண்டே இருக்கும். 15 நிமிட விதியை முதல் வாரமே, எவ்வளவு வேண்டியவர்களானாலும், தயங்காமல் நிறைவேற்றுங்கள். ஒருமுறை விட்டுக்கொடுத்தால் அடுத்த வாரம் 6.45 என்பது 7.30 ஆகிவிடும்.

ஏழாம் படி: அம்பயரும் ஸ்கோரரும்

ஆட்டத்துக்கு இருவர் வேண்டும்: ஒருவர் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், ஒருவர் பேஸ்களுக்கு. பழைய வீரர்களும் உடற்கல்வி மாணவர்களும் பொருத்தமானவர்கள். அவர்களுக்குரிய தொகையை ஆட்டம் தொடங்கும் முன்பே உறையில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். ஸ்ட்ரைக்கா பாலா என்ற சச்சரவைக் குறைக்க ஓர் எளிய வழி உண்டு. ஹோம் பிளேட்டின் அகலத்தில் சுமார் மூன்று அடி நீள ரப்பர் விரிப்பு ஒன்றைப் பிளேட்டோடு சேர்த்துப் பின்னால் போட்டுவிட்டு, சரியான வளைவில் வந்த பந்து பிளேட்டிலோ விரிப்பிலோ விழுந்தால் ஸ்ட்ரைக் என்று வைத்துக்கொள்ளுங்கள். விழுந்த இடத்தை எல்லோரும் கண்ணால் பார்ப்பதால் அம்பயரின் பேச்சுக்கு மறுபேச்சு எழுவதில்லை. முறையீடு, விதியைத் தவறாகப் புரிந்துகொண்டதைப் பற்றி மட்டுமே இருக்க வேண்டும். அவுட்டா இல்லையா என்ற கண்ணோட்டத்தைப் பற்றி முறையிட முடியாது. அதுவும் அடுத்த பந்து வீசப்படும் முன்பே சொல்லப்பட வேண்டும்.

ஸ்கோர் எழுதுவதற்கு எண்முறை உண்டு: பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஷார்ட் ஸ்டாப் 6, இடது, நடு, வலது வெளிக்களங்கள் 7, 8, 9, பத்தாவது பீல்டர் 10. ‘6-3’ என்று எழுதியிருந்தால், ஷார்ட் ஸ்டாப் எடுத்து முதல் பேஸுக்கு எறிந்து அவுட் செய்தார் என்று பொருள். ஆடாமல் பார்க்க மட்டும் வரும் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்தால் இரண்டே வாரத்தில் தேறிவிடுகிறார்கள்.

எட்டாம் படி: மூன்று பயிற்சி ஞாயிறுகள்

லீக் தொடங்கும் முன் மூன்று ஞாயிறு, அணி வேறுபாடில்லாமல் எல்லோரும் சேர்ந்து பழகட்டும். கிரிக்கெட் கை கொண்டவர்களிடம் மாற்ற வேண்டியவை சில உண்டு. அடித்ததும் மட்டையோடு ஓடுவார்கள். கீழே போடப் பழக்க வேண்டும், தூக்கி எறியாமல். பந்தைப் பின்பக்கம் திருப்பிவிடுவார்கள். இங்கே முதல், மூன்றாம் பேஸ் கோடுகளுக்கு வெளியே போவது எல்லாம் பவுல், அதாவது செல்லாத அடி. வெறுங்கையால் பந்தைத் தேடிப் போவார்கள். கிளவுஸில் வாங்கி மறுகையால் மூடக் கற்க வேண்டும். எல்லாவற்றையும்விட, அடித்தபின் ஓடலாமா வேண்டாமா என்று நின்று பார்ப்பார்கள். தரையில் அடித்த பந்துக்கு முதல் பேஸை நோக்கி ஓடியே ஆக வேண்டும் என்பதை உடம்பு தானாகச் செய்யும்வரை முப்பது, நாற்பது முறை ஓடவிடுங்கள்.

ஒன்பதாம் படி: ஆட்ட நாள்

மைதானப் பொறுப்பாளர் 5.45க்கே வந்து கல், கண்ணாடித் துண்டு, நாய்கள் தோண்டிய குழி எல்லாவற்றையும் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். பேட் செய்யும் அணி கோட்டுக்கு வெளியே ஒரே இடத்தில் உட்கார வேண்டும். அடுத்த பேட்டரைத் தவிர யாரும் மட்டையைச் சுழற்றக் கூடாது. நான் பார்த்த காயங்களில் மோசமானவை ஆட்டத்தில் நேர்ந்தவை அல்ல, ஓரமாக நின்று மட்டையைச் சுழற்றியவரால் நேர்ந்தவை. ஐஸ் கட்டி, முதலுதவிப் பெட்டி, குடிநீர்க் கேன், 108ஐ அழைத்து வழிசொல்லும் பொறுப்பு யாருக்கு என்பது, எல்லாம் முன்பே முடிவாகியிருக்கட்டும். 18 வயது நிரம்பாதவர் ஆடினால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் கட்டாயம். மின்னல் தெரிந்தால் அலுமினிய மட்டைகளைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் கட்டடத்துக்குள் போக வேண்டும். ஆட்டத்தை இருப்பு ஞாயிறில் வைத்துக்கொள்ளலாம்.

பத்தாம் படி: பணம்

பந்து, அம்பயர் தொகை, மைதான வாடகை, முதலுதவி ஆகிய நான்கும் அணிகளின் நுழைவுக் கட்டணத்திலிருந்தே வர வேண்டும். நன்கொடையாளர் தருவது கிளவுஸ், மட்டை போன்ற ஒருமுறைச் செலவுக்கு மட்டும் என்று பிரித்து வையுங்கள். நன்கொடை பாதியில் நின்றாலும் ஆட்டம் நிற்காது. இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற கூட்டுக் கணக்கைத் திறந்து, மாதம் ஒருமுறை வரவு செலவை எல்லா அணித் தலைவர்களுக்கும் அனுப்புங்கள். கோப்பையில் செலவைச் சுருக்கி அந்தப் பணத்தில் இன்னும் இரண்டு கிளவுஸ் வாங்கலாம் என்று சொன்னால் முதலில் முணுமுணுப்பார்கள். அடுத்த ஆண்டு ஐந்தாவது அணி வரும்போது சரி என்பார்கள்.

இறுதி ஆட்டம் முடிந்த அதே வாரம் எல்லா அணிகளையும் கூட்டி, கணக்கைப் படித்து, விதித்தாளில் மாற்ற வேண்டியவற்றைக் கேட்டு எழுதி, அடுத்த ஆண்டின் முதல் ஞாயிறு எது என்பதை அங்கேயே குறித்துவிடுங்கள். பிறகு கிளவுஸ்களைத் துடைத்து நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றின் குழிக்குள்ளும் ஒரு பழைய பந்தை வைத்துக் கயிற்றால் கட்டி, துணிப்பையில் போட்டுப் பூட்டுங்கள். பந்தில்லாமல் மடித்துப் போட்டால் அடுத்த தை மாதம் எடுக்கும்போது தோல் சப்பையாகி, விரிக்கவே வராது.